பாய்ஸ் கம்பெனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நடிகர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் புரட்டினால் ஒரே மாதிரி ஒரு வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: "சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்." அடுத்த வரி நேரே சினிமாவுக்குத் தாவிவிடும். நடுவில் போன பத்துப் பன்னிரண்டு வருடங்களைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அந்த வருடங்களைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளையும், தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன?

சிறுவர்களை மட்டுமே நடிகர்களாக வைத்து நடந்த தொழில்முறை நாடகக் குழு. பையன்களுக்குச் சோறு, துணி, தங்க இடம் எல்லாம் கம்பெனி பொறுப்பு. பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்து, ஊர் ஊராகக் கூட்டிப்போய், டிக்கெட் போட்டு நாடகம் நடத்துவார்கள். ஆறேழு வயதுப் பொடியனிலிருந்து பதினாறு பதினேழு வயது வாலிபன் வரை இருப்பார்கள். ராஜா, ராணி, முனிவர், அசுரன், கிழவி, பபூன் எல்லா வேடமும் அவர்களுக்குத்தான். பெரியவர்கள் என்று பார்த்தால் முதலாளி, வாத்தியார், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், சமையல்காரர், படுதா இழுக்கிறவர்கள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடமா வியாபாரமா என்றால் இரண்டும்தான். காலையில் படித்த பாடத்தை ராத்திரியே காசாக்கியாக வேண்டிய பள்ளிக்கூடம் அது. 1910களிலிருந்து 1940கள் வரை தமிழ்நாட்டில் நடிப்பை முறையாகக் கற்றுக்கொள்ள வேறு இடம் கிடையாது என்றே சொல்லலாம்.

பெரியவர்கள் நடிக்காமல் ஏன் சிறுவர்களை வைத்தார்கள்?

பெரியவர்களும் நடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தஞ்சாவூர் கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனி போன்றவை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பெயர் பெற்றவை. ஆனால் பெரிய நடிகர்களை வைத்துக் கட்டி மேய்ப்பது முதலாளிகளுக்கும் வாத்தியார்களுக்கும் பெரும்பாடாக இருந்தது. குடித்துவிட்டு மேடைக்கு வருவார்கள், வராமலே இருந்துவிடுவார்கள், முன்பணத்தை வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ராஜபார்ட்டும் (நாயக வேடக்காரர்) ஸ்திரீபார்ட்டும் (பெண் வேடக்காரர்) மேடையிலேயே தர்க்கம் பண்ண ஆரம்பித்தால் கதை ஒரு பக்கம் கிடக்கும், இவர்கள் ஒருவரை ஒருவர் மடக்குவதே ராத்திரி முழுக்க நடக்கும். பார்க்கிறவர்களுக்கு அதில் தனி ருசி உண்டு என்பது வேறு விஷயம். நாடகத்தை எழுதியவருக்கு அது வேதனை.

சிறுவன் அப்படிச் செய்யமாட்டான். எழுதிக்கொடுத்ததை எழுதிக்கொடுத்தபடியே சொல்வான், பாடுவான். சொந்தச் சரக்கைச் சேர்க்கத் தெரியாது, தைரியமும் வராது. ஒலிபெருக்கி இல்லாத அந்தக் காலத்தில், உடையாத பிள்ளைக் குரல் ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுதியில் கொட்டகையின் கடைசி வரிசைத் தரை டிக்கெட் வரை போய்ச் சேரும். பெண் வேடமும் பொருந்தும். போதாததற்கு, ஒரு பெரிய ராஜபார்ட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் பத்துப் பையன்களுக்குச் சோறு போடலாம். ஒழுக்கத்துக்காகத்தான் சிறுவர்களை எடுத்தோம் என்று முதலாளிகள் சொன்னதில் பாதி சிக்கனம் என்பது என் எண்ணம்.

இதைத் தொடங்கியது சங்கரதாஸ் சுவாமிகள்தானா?

தனி ஒருவரின் யோசனை என்று சொல்ல முடியாது. ஜகந்நாத ஐயர் போன்றவர்களும் ஏறக்குறைய அதே காலத்தில் சிறுவர் குழுக்களை நடத்தினார்கள். ஆனால் இந்தக் கம்பெனிகள் எதை நடித்தன, எப்படிக் கற்றுக்கொடுத்தன என்று கேட்டால் பதில் சுவாமிகளிடம்தான் போய் நிற்கும்.

1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தமிழ் இலக்கணமும் இலக்கியமும் முறையாகப் படித்தவர். முதலில் அவரே நடிகர்தான்; எமன், சனீஸ்வரன், இரணியன் போன்ற உக்கிரமான வேடங்கள். அவருடைய சனீஸ்வர வேடத்தை விடியற்காலையில் குளக்கரையில் கண்ட ஒரு கர்ப்பிணி அதிர்ச்சியில் உயிர்விட்டாள் என்றும், அதன்பின் அவர் அரிதாரம் பூசவில்லை என்றும் ஒரு கதை நாடக உலகில் தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, அவர் நடிப்பை விட்டு எழுத்துக்கும் வாத்தியார் வேலைக்கும் வந்தது தமிழ் நாடகத்துக்கு ஆதாயம். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, சதி அனுசூயா, பிரகலாதன், லவகுசா என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார்.

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். பின்னாளில் பெரிய பாடக நடிகரான எஸ்.ஜி.கிட்டப்பா சிறுவனாகப் பாடியது அங்கேதான். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவானது. பெயரைக் கேட்டாலே அவர் எதை எதிர்பார்த்தார் என்று தெரியும்: பையன்கள் வித்துவான்களாக வேண்டும். டி.கே.எஸ். சகோதரர்கள் சங்கரன், முத்துசாமி, சண்முகம் மூவரையும் அவர்களுடைய அப்பா கண்ணுசாமிப் பிள்ளை கொண்டுவந்து சேர்த்தது இந்தச் சபையில். அப்போது சண்முகத்துக்கு 6 வயது. அப்பாவே பெயர் பெற்ற ஸ்திரீபார்ட் நடிகர்.

சண்முகம் பின்னாளில் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'யில் ஒரு சம்பவம் வருகிறது. தனக்காக சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்கிறார். நாடகம் முழுவதும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடியது. நம்புவது கடினம்தான். ஆனால் சுவாமிகள் மரபுச் செய்யுளில் ஊறியவர். வெண்பாவும் விருத்தமும் அவருக்குப் பேச்சு மாதிரி என்பதை அவர் நாடகங்களைப் படித்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. அப்போதும் கம்பெனியோடுதான் இருந்தார். சபை புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது 1922 நவம்பர் 13 அன்று காலமானார்.

எந்தெந்தக் கம்பெனிகள் முக்கியமானவை?

எல்லாவற்றையும் சொல்லி முடியாது. சிலவற்றை மட்டும்.

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, சச்சிதானந்தம் பிள்ளை நடத்தியது. பி.யு.சின்னப்பா, எம்.ஜி.சக்ரபாணி, எம்.ஜி.ராமச்சந்திரன் எல்லோரும் இங்கே வளர்ந்த பையன்கள். காளி என்.ரத்தினம் இங்கே வாத்தியாராக இருந்தார்.

நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் தேவி பால விநோத சங்கீத சபை இன்னொன்று. பக்த ராமதாஸ் நாடகத்தில் நவாப் வேடம் கட்டியதால் அந்தப் பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சம்பூர்ண ராமாயணம், கிருஷ்ண லீலா, தசாவதாரம் ஒரு பக்கம், இயேசுநாதர் இன்னொரு பக்கம் என்று எல்லா மதக் கதையையும் போட்டவர். தந்திரக் காட்சிகளுக்கும் கட்டுப்பாட்டுக்கும் பேர்போன கம்பெனி. இவர் போட்ட ஐயப்பன் நாடகத்துக்குத் தமிழ்நாட்டில் சபரிமலை யாத்திரை பரவியதில் பங்கு உண்டு என்பார்கள். அங்கே பையனாகச் சேர்ந்த எம்.என்.நம்பியார் பின்னாளில் பெரிய குருசாமியானதை நினைத்தால் அது பொருத்தமாகத்தான் படுகிறது.

யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் மதுரை ஸ்ரீ பால கான சபையில்தான் வி.சி.கணேசன் என்ற பையன் சேர்ந்தான். அந்தப் பையன்தான் சிவாஜி கணேசன்.

டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் சொந்தமாகத் தொடங்கியது மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா. பெயரில் மதுரை இருந்தாலும் தொடங்கியது திருவனந்தபுரத்தில். பல கம்பெனிகள் இப்படி மதுரையைப் பெயரில் வைத்துக்கொண்டன. நாடகம் என்றால் மதுரை என்று அப்போது ஜனங்கள் நினைத்தார்கள், அந்த முத்திரை இருந்தால் டிக்கெட் போகும்.

பையன்கள் எப்படிச் சேர்ந்தார்கள்?

பெரும்பாலும் வறுமை. அப்பா இல்லாத வீடு, வேலை போன வீடு, நிறைய பிள்ளைகள் உள்ள வீடு. கம்பெனி ஊருக்கு வந்து இரண்டு மூன்று மாதம் முகாமிடும். நல்ல குரலுள்ள பையன் யார் வீட்டில் இருக்கிறான் என்று விசாரிப்பார்கள். ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், இத்தனை வருடம் என்று ஒப்பந்தம் எழுதுவார்கள். கைநாட்டு வைப்பது அப்பாவோ அம்மாவோ மாமாவோ. பையனைக் கேட்பதில்லை.

அப்பாவை இழந்து கும்பகோணத்தில் அம்மாவோடு வந்து தங்கிய ராமச்சந்திரனும் சக்ரபாணியும் கம்பெனிக்குப் போனது பசிக்காகத்தான். அதை எம்.ஜி.ஆர். ஒருநாளும் மறைத்ததில்லை.

தானாக ஓடிவந்தவர்களும் உண்டு. கட்டபொம்மன் கூத்தைப் பார்த்து மயங்கிய கணேசன், தான் ஓர் அனாதை என்று பொய் சொல்லித்தான் கம்பெனியில் இடம் பிடித்தார். அவரே தன் வாழ்க்கைக் கதையில் சொன்னது இது. எம்.ஆர்.ராதா, இன்னொரு துண்டு மீன் கேட்டுக் கிடைக்காத கோபத்தில் வீட்டை விட்டுக் கிளம்பியவர் என்று சொல்வார்கள்.

பயிற்சி எப்படி இருந்தது?

ராத்திரி நாடகம் முடிய நடுநிசி தாண்டிவிடும். அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து, சாப்பிட்டு, படுக்க இன்னும் நேரமாகும். ஆனாலும் காலையில் வாத்தியார் பாடத்துக்கு உட்கார்ந்துவிடுவார்.

முதலில் பாட்டு. ஆர்மோனியத்தில் சுதி வைத்து, வாத்தியார் ஓர் அடி பாடுவார், பையன்கள் வாங்கிப் பாடுவார்கள். ராகத்தின் பெயர் பிறகு தெரிந்தால் போதும்; முதலில் காதும் தொண்டையும் பழக வேண்டும். அடுத்து வசனம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பையனுக்கும் நூற்றுக்கணக்கான வரிகள் நெட்டுரு ஆகியிருக்கும். ழகரம், ளகரம், லகரம் பிசகினால் தலையில் குட்டு விழும். இவர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மூன்றாம் வகுப்போடு நின்றவர்கள். ஆனாலும் பின்னாளில் இவர்கள் திரையில் பேசிய தமிழில் ஒரு சொல் மழுங்கியிருக்காது. அது இந்தக் காலைப் பாடத்தின் பலன்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: தன் வேடம் மட்டும் தெரிந்தால் போதாது. முதலில் கூட்டத்தில் நிற்கிற தோழி, சேவகன். பிறகு பால வேடம். அதே நேரம் பெரிய பையன்களின் பாடத்தையும் கேட்டுக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ராஜபார்ட் பையனுக்கு இன்று காய்ச்சல் என்றால் இன்று ராத்திரியே அடுத்தவன் அந்தக் கிரீடத்தை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். டிக்கெட் விற்றாகிவிட்டது, கொட்டகைக்காரனுக்கு வாடகை கொடுத்தாக வேண்டும். சிவாஜி கணேசன் ஒரே ராமாயணத்தில் சீதையாகத் தொடங்கி, வளர வளர வேறு வேடங்களுக்கு மாறினார். ஒரு கதையை உள்ளிருந்து நாலைந்து பேரின் கண்ணால் பார்த்துப் பழகிய நடிகன் அவர். எந்த நடிப்புப் பள்ளியும் இதைத் திட்டமிட்டுக் கொடுத்துவிட முடியாது.

நடை, நிற்கிற நிலை, கத்திச்சண்டை, சிலம்பம், கொஞ்சம் நாட்டியம், வேடம் போட்டுக்கொள்வது எல்லாம் சேர்த்திதான். உடுப்பைத் தைப்பது, சீன் தூக்குவது, நோட்டீஸ் கொடுப்பது கூட.

மகரக்கட்டு என்கிறார்களே, அது என்ன?

பதின்மூன்று பதினான்கு வயதில் பையன்களுக்குக் குரல் உடைவது. மற்ற வீடுகளில் இதை யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கமாட்டார்கள். கம்பெனி வீட்டில் அது இடி விழுந்த மாதிரி.

நேற்றுவரை ஐந்து கட்டையில் கணீரென்று பாடியவன் இன்று மேல் ஸ்தாயிக்குப் போனால் குரல் பிசிறுகிறது, கீழே இறங்கினால் கரகரக்கிறது. கொட்டகையில் விசில் பறக்கும். வாத்தியார் சில நாள் பார்ப்பார், மிளகுக் கஷாயம் கொடுப்பார், பிறகு அந்த வேடத்தை இளைய பையனுக்குக் கொடுத்துவிடுவார். ராஜபார்ட்டாக இருந்தவன் சாப்பாட்டுப் பந்தியில் உட்காரும் இடம்கூட மாறும். ஸ்திரீபார்ட் பையன்களுக்கு இன்னும் மோசம், ஏனென்றால் மீசையும் சேர்ந்து வரும்.

கம்பெனியின் கணக்கு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடியது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் வருடா வருடம் புதுப் பையன்களைத் தேடினார்கள்? ஏன் ஒவ்வொருவனுக்கும் எல்லாப் பாடமும் சொல்லிவைத்தார்கள்? ஏன் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியின் பையனை ஆசைகாட்டி இழுத்தது? எல்லாவற்றுக்கும் காரணம், முதலாளியின் கையில் இருந்த சொத்து சில வருடங்களில் தானே கரையக்கூடியது என்பதுதான்.

மகரக்கட்டுக்குப் பிறகு என்ன ஆவான்? சிலர் பபூனாகவோ வில்லனாகவோ மாறினார்கள். நகைச்சுவை நடிகர்கள் பலர் இப்படி வந்தவர்கள். சிலருக்கு இரண்டு மூன்று வருடத்தில் நல்ல ஆண்குரல் திரும்ப வரும். பி.யு.சின்னப்பா கம்பெனியை விட்டு ஊருக்குத் திரும்பி, கர்நாடக சங்கீதத்தை முறையாகக் கற்று, சிலம்பமும் குஸ்தியும் பழகி, 1936இல் 'சந்திரகாந்தா'வில் திரைக்கு வந்தார். அவருக்குப் பாட்டும் சண்டையும் ஒரே ஆளிடம் இருந்த ரகசியம் இதுதான். குரல் திரும்பாதவர்கள் டீக்கடையிலும் மில்லிலும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை.

சம்பளம் கொடுத்தார்களா?

கொடுத்தார்கள், ஆனால் சொற்பம். நம்பியாருக்கு ஆரம்பத்தில் மாதம் 3 ரூபாய் என்பது பலமுறை அச்சான செய்தி. பெரும்பாலும் பணம் வீட்டுக்குப் போய்விடும், பையன் கையில் தங்காது. புதுப் பையன்களுக்குச் சாப்பாடே சம்பளம்.

அடி உதை, கொடுமை எல்லாம் உண்மையா?

உண்மை. பிரம்பு இல்லாத வாத்தியார் அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது என்று சொல்லி இதை மழுப்புகிறவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்துப் பையன் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவான். இவன் எங்கே போவான்? வெளியே போகத் தடை, கடிதங்களை வாத்தியார் படித்துவிட்டுத்தான் கொடுப்பது, வெளி ஆட்களோடு பேசத் தடை என்று பல கம்பெனிகளில் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வேறு கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்ற பயம்தான் காரணம். காய்ச்சல் வந்தாலும் வேடம் கட்ட வேண்டும். அம்மை வந்தால் கம்பெனி வீடு முழுக்கப் பரவும். ஓடிப்போன பையன்கள் ஏராளம். பிடித்துவந்து மறுபடி மேடையேற்றுவதும் நடந்தது.

இதில் பெரிய நடிகர்களின் நினைவுகள் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகின்றன. "வாத்தியார் அடித்த அடியால்தான் இன்று இப்படி இருக்கிறேன்" என்று நன்றியோடு எழுதியவர்கள் எல்லோரும் ஜெயித்தவர்கள். அதே அடியை வாங்கிவிட்டு ஜெயிக்காதவன் என்ன சொல்லியிருப்பான் என்பதையும் சேர்த்து யோசித்துப் பார்க்க வேண்டும். பயிற்சி உயர்ந்தது என்பதும் அந்தப் பிள்ளைகளின் பிள்ளைப்பருவம் பறிபோனது என்பதும் ஒன்றையொன்று தள்ளுபடி செய்யாத இரண்டு உண்மைகள்.

சிறுமிகளுக்கு இடம் இருந்ததா?

பாய்ஸ் கம்பெனிகளில் இல்லை. பெண்கள் மேடையேறாத காலம் என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தியவர். அவருடைய நாடகத்துக்காகத் தனி ரயில் விட்ட கதையை இன்றும் சொல்வார்கள். நிலையான கம்பெனி இல்லாமல், நடிகர்களைத் தனித்தனியாக வரவழைத்து நடத்தும் ஸ்பெஷல் நாடகங்களில் கே.பி.சுந்தராம்பாள் போன்றவர்கள் ஆண்களுக்குச் சமமாகப் பெயர் எடுத்தார்கள். சிறுவர் கம்பெனிகள் மட்டும் பெண் வேடத்தையும் பையன்களுக்கே கொடுத்தன. திருவிளையாடல் எடுத்த ஏ.பி.நாகராஜன், டி.கே.எஸ். குழுவில் பெண் வேடம் கட்டியவர். அதே குழுவின் சண்முகம், வளர்ந்து பெரியவரான பிறகும் ஒளவையார் வேடத்தில் நடித்து, 'ஒளவை சண்முகம்' என்றே ஆகிப்போனார்.

எல்லாம் புராண நாடகங்கள்தானா?

ஆரம்பத்தில் ஆமாம். அதில் முதல் மாற்றம் சென்னையிலிருந்து வந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்த உத்தியோகஸ்தர்களை வைத்து, பாட்டைக் குறைத்து வசனத்தைக் கூட்டி நாடகம் போட்டார். அவருடைய 'மனோகரா'வைப் பாய்ஸ் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. பாட்டிலேயே வளர்ந்த பையன்களுக்கு அனல் பறக்கும் வசனம் கிடைத்தது.

இரண்டாவது மாற்றத்துக்குக் காரணம் எம்.கந்தசாமி முதலியார், நடிகர் எம்.கே.ராதாவின் அப்பா. வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர்.ரங்கராஜு போன்றவர்களின் நாவல்களை நாடகமாக்கி, மேனகா, ராஜாம்பாள், சந்திரகாந்தா என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். திடீரென்று மேடையில் கிரீடம் போய்க் கோட்டும் தலைப்பாகையும் வந்தன, வக்கீல், டாக்டர், போலி சாமியார், துப்பறிகிறவர் எல்லோரும் வந்தார்கள். ராஜா மாதிரி நிற்கப் பழகியவனுக்குச் சாதாரண மனிதனாக நாற்காலியில் உட்கார்ந்து பேசச் சொல்லிக்கொடுத்தவர் அவர். சுவாமிகளுக்கு இருக்கிற சிலையில், விழாவில் கால்பங்குகூட இவருக்குக் கிடைக்கவில்லை என்பது என் குறை.

டி.கே.முத்துசாமி எழுதிய 'குமாஸ்தாவின் பெண்' ஒரு வங்க நாவலிலிருந்து வந்தது. ஏழைக் குமாஸ்தா வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் என்ற சங்கதி அப்போது எந்த வீட்டுக்கும் அந்நியமானதாக இல்லை.

சுதந்திரப் போராட்டத்தில் பங்கு இருந்ததா?

இருந்தது. 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின்படி வெள்ளைக்கார அரசு எந்த நாடகத்தையும் தடை செய்யலாம். வெ.சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீரன்' அப்படித் தடையானது. டி.கே.எஸ். குழு அதையே 'தேசபக்தி' என்று பெயர் மாற்றி 1930களின் தொடக்கத்தில் மேடையேற்றியது. பாட்டுகள் மதுரகவி பாஸ்கரதாஸ். அந்த நாடகத்துக்குள்ளே என்.எஸ்.கிருஷ்ணன் காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாகச் சொல்லுவார். கதையில் எந்தத் தொடர்பும் இல்லை, ஆனால் கொட்டகை அதற்காகவே நிரம்பியது. தெ.பொ.கிருஷ்ணசாமிப் பாவலரின் 'கதரின் வெற்றி' இதற்கும் முன்னோடி.

சினிமாவுக்கு இவர்கள் எப்படிப் போனார்கள்?

1931 அக்டோபர் 31இல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வெளியானது. பேசும் படத்துக்குப் பாடத் தெரிந்த, வசனம் மறக்காத, வேடம் கட்டத் தெரிந்த ஆட்கள் உடனே வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மொத்தமாக ஓரிடத்தில் கிடைத்தார்கள். நவாப் கம்பெனியின் 'பக்த ராமதாஸ்' 1935இல் படமானது. நம்பியாருக்கு அதுதான் முதல் படம். அதே 1935இல் டி.கே.எஸ். குழு அப்படியே போய் 'மேனகா'வில் நடித்தது. 1936இல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'யில் எம்.ஜி.ஆர். சின்ன வேடத்தில் வந்தார், கதாநாயகன் எம்.கே.ராதா. என்.எஸ்.கிருஷ்ணன், கே.ஆர்.ராமசாமி, எஸ்.வி.சகஸ்ரநாமம், எஸ்.எஸ்.ராஜேந்திரன் எல்லோரும் டி.கே.எஸ். வழி வந்தவர்கள்.

பழைய படங்களில் நடிகர்கள் காமிராவைப் பார்த்து ஏன் அவ்வளவு சத்தமாகப் பேசுகிறார்கள் என்று இன்று சிரிக்கிறோம். அவர்கள் காமிராவோடு பேசவில்லை, தரை டிக்கெட்காரனோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஏன் மறைந்தன?

சினிமா ஆளையும் எடுத்துக்கொண்டது, கொட்டகையையும் எடுத்துக்கொண்டது. நாடகம் நடந்த கொட்டகைகள் ஒவ்வொன்றாக டூரிங் டாக்கீஸும் சினிமா தியேட்டருமாக மாறின. தேர்ந்த பையன் கம்பெனியில் நிற்கமாட்டான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் முப்பது நாற்பது பேரைக் கட்டிச் சோறு போட்டு ஊர் ஊராக அழைத்துப் போவது முதலாளிக்குக் கட்டுபடியாகவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணமும் பரவியது. இதைப் பற்றி மட்டும் யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

டி.கே.எஸ். குழு மட்டும் நீண்ட நாள் தாக்குப்பிடித்தது. முதலாளியும் நடிகனும் ஒரே ஆளாக இருந்ததால், குரல் உடைந்ததும் யாரும் அவர்களை வெளியே தள்ளவில்லை. சிறுவர் குழு அவர்களோடு சேர்ந்து வளர்ந்து பெரியவர்கள் குழுவானது, பெண் வேடத்துக்கு நடிகைகள் வந்தார்கள். 1944இல் ஈரோட்டில் தமிழ் நாடகக் கலை மாநாடு கூட்டினார்கள். அரு.ராமநாதன் எழுதிய 'ராஜராஜ சோழன்' போன்ற பெரிய சரித்திர நாடகங்களைப் போட்டார்கள். பிற்காலத்தில் சிறுவன் கமல்ஹாசனுக்கும் அங்கே பாடம் கிடைத்தது. சண்முகம் 1973இல் காலமானார்.

இன்றைய சிறுவர் நாடகப் பயிற்சியோடு இதை ஒப்பிடலாமா?

நோக்கமே வேறு. பாய்ஸ் கம்பெனியில் பையன்கள் நடித்தது பெரியவர்களின் நாடகம், பெரியவர்கள் பார்ப்பதற்காக. பையனுக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. இன்று நடப்பது பிள்ளைகள் கூச்சம் நீங்கிப் பேசவும் விளையாடவும் நாடகத்தைப் பயன்படுத்துவது. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறைக்குப் பிறகு செ.ராமானுஜம் போன்றவர்கள் குழந்தைகள் அரங்கைத் தனிப் பாடமாகவே எடுத்து வேலை செய்தார்கள். புதுச்சேரியில் வேலு சரவணனின் ஆழி குழு பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளுக்காக நடிக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரை வைத்திருக்கிறார்கள்; இந்திரா பார்த்தசாரதி அங்கே முதல் இயக்குநர்.

ஒன்றை மட்டும் இன்றைய பட்டறைகள் பழையவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். அது குரல். வாரக் கடைசி இரண்டு நாள் பயிற்சியில் விளையாட்டு நிறைய இருக்கிறது, சுதியும் உச்சரிப்பும் காணோம். பிரம்பு இல்லாமலும் அதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

அந்த நாடகங்களை இன்று பார்க்க முடியுமா?

முடியும். பாய்ஸ் கம்பெனி இல்லை, ஆனால் சுவாமிகளின் நாடகங்கள் ஸ்பெஷல் நாடகமாக மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றும் நடக்கின்றன. பங்குனி, சித்திரை மாதங்களில் போனால் அனேகமாக எங்காவது ஒரு வள்ளி திருமணம் கிடைக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் பபூன் வந்து ஆரம்பித்துவைப்பார், விடிய விடிய நடக்கும். நடிப்பவர்கள் ஆண்களும் பெண்களுமான பெரியவர்கள். ஒத்திகை கிடையாது, ஒவ்வொருவரும் தனித்தனி ஊரிலிருந்து வந்து மேடையில்தான் சந்திப்பார்கள். சுவாமிகளுக்குப் பிடிக்காத தர்க்கம்தான் இன்றைக்கும் அதிகமாகக் கைதட்டு வாங்குகிறது. அது வரும்வரை தூங்காமல் இருக்க வேண்டும் என்றால் பகலில் கொஞ்சம் படுத்து எழுந்துவிட்டுப் போங்கள்.